பந்தைத் திருப்பிப் போடாதீங்க

சிகாகோவின் மேற்குப் புறநகர்களில் குடியேறும் நம்மவர்கள் முதல் கோடையில் ஒரு தப்பு செய்வார்கள். பக்கத்து ஊரான ஜெனீவாவில் கேன் கவுண்டி கூகர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம். ஆபீஸில் கூப்பிட்டார்களே என்று போய் மூன்றாவது பேஸ் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். மட்டை விளிம்பில் பட்ட பந்து மேலே எழும்பி, படியில் குத்தி, காலடிக்கு உருண்டு வரும். கை தானாக எடுக்கும், அடுத்த நொடியே மைதானத்துக்குள் வீசிவிடும். சுற்றிலும் ஒரு முனகல் கேட்கும். பக்கத்து இருக்கைப் பையன், பிரசாதத்தைக் குப்பையில் போட்டவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான்.

நமக்கு எப்படித் தெரியும்? நம் தெருவில் பந்துக்கு இருந்த சட்டம் ஒன்றுதான்: அடிச்சவன்தான் எடுத்துட்டு வரணும். எதிர்வீட்டு மாமி காம்பவுண்டில் விழுந்தால் அவுட், கூடவே மாமியிடம் கெஞ்சலும் உண்டு. ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு வாங்கிய பந்தாயிற்றே. சேப்பாக்கத்திலும் கேலரிக்கு வந்த பந்து உள்ளேதான் திரும்ப வேண்டும். இங்கே வழக்கம் தலைகீழ். 1921இல் நியூயார்க்கில் ரூபன் பெர்மன் என்ற ரசிகர், கைக்கு வந்த பந்தைத் திருப்பித் தர மறுத்தார். மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டு 100 டாலர் வாங்கினார். அதன் பிறகு மெல்ல மெல்ல, கூட்டத்துக்குள் வந்த பந்து கூட்டத்துக்குத்தான் என்று ஆனது.

ஆகவே ஆட்டப் பொருள்களைச் சேகரிக்க நினைப்பவருக்கு முதல் விதி: வந்த பந்தைப் பத்திரப்படுத்துங்கள். துடைக்காதீர்கள். ஆட்டப் பந்து பெட்டியிலிருந்து எடுத்தபடி பளீரென்று வெள்ளையாக இருக்காது. வழுக்காமல் இருக்க, ஆட்டத்துக்கு முன்பே மண்குழம்பு தடவித் தேய்த்து விடுவார்கள். அந்தப் பழுப்புச் சாயலும் மட்டை பட்ட கறையும்தான் அது ஆடிய பந்து என்பதற்குச் சாட்சி. 108 இரட்டைத் தையல், ஐந்து அவுன்ஸுக்குச் சற்று மேல் எடை, தோலில் லீக்கின் முத்திரை. பயிற்சியில் அடித்த பந்து கையில் கிடைத்தால் முத்திரை தேய்ந்து, சுற்றிலும் அடிபட்டுக் கிடக்கும். விற்பவர் ஆட்டப் பந்து என்று சொல்லி அதைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

அடுத்து, எந்த அணி. பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் கிளப் எதனோடும் ஒப்பந்தம் இல்லாமல், சொந்தக் காசில் ஆட்டக்காரரைப் பிடித்து ஆடுகிற இண்டிபெண்டன்ட் லீக் அணிகளைத்தான் இங்கே சொல்கிறேன். சிகாகோ வட்டாரம் இதற்குச் சொர்க்கம். ஜெனீவாவில் கூகர்ஸ், ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மாண்டில் சிகாகோ டாக்ஸ், ஷாம்பர்கில் பூமர்ஸ், ஜோலியட்டில் ஸ்லாமர்ஸ் (கொச்சை ஆங்கிலத்தில் ஸ்லாமர் என்றால் ஜெயில்; ஊரில் பழைய சிறைச்சாலை இருப்பதால் அந்தப் பெயர், குறும்புதான்). காலையில் அரோரா பாலாஜி கோயிலில் தரிசனம், கேண்டீனில் புளியோதரை, மாலையில் ஜெனீவாவில் ஆட்டம் என்று ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம்.

ஆனால் கூகர்ஸ் பெயர் போட்ட தொப்பி எல்லாமே இண்டிபெண்டன்ட் சரக்கு அல்ல. 2020 முடிவில் மேஜர் லீக் தன் கீழிருந்த 160 அணிகளை 120 ஆகக் குறைத்தபோது கழற்றிவிடப்பட்டவர்களில் கூகர்ஸும் ஒன்று. 2021 முதல்தான் அமெரிக்கன் அசோசியேஷன் என்ற இண்டிபெண்டன்ட் லீக்கில் ஆடுகிறார்கள். அதற்கு முந்தைய கார்டும் (ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை) சட்டையும் வேறு கணக்கு. செயின்ட் பால் செயின்ட்ஸுக்கு இது நேர் எதிர்: 1993 முதல் 2020 வரை இண்டிபெண்டன்ட், அப்புறம் மினசோட்டா ட்வின்ஸின் கிளை. நியூஜெர்சியில் சாமர்செட் பேட்ரியட்ஸுக்கும் அதே கதை. வாங்கும் பொருளில் ஆண்டு இல்லையென்றால் கேளுங்கள். "பழசு சார்" என்பது பதில் ஆகாது.

கையெழுத்து வாங்குவது மேஜர் லீக் மாதிரி அடிதடி இல்லை. கதவு திறந்ததும் உள்ளே போய், ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் பக்கத்துக் கம்பி ஓரம் நின்றால் போதும். பயிற்சி முடித்து வருகிறவர்கள் நின்று பேசிவிட்டே போவார்கள். அன்றைக்குப் பந்து வீசப்போகிற பிட்சரை மட்டும் ஆட்டத்துக்கு முன் தொந்தரவு செய்யாதீர்கள், பரீட்சை ஹாலுக்குள் போகிறவனை நிறுத்திப் பேசுகிற மாதிரி அது. பந்துக்கு நீல பால்பாயிண்ட் பேனாதான். மார்க்கர் கூடவே கூடாது: அதன் மை தோலின் நாருக்குள் ஊறிப் பரவும். சில வருடங்களில் கோடு தடித்து, ஓரத்தில் மஞ்சள் வளையம் கட்டிவிடும். ஜெல் பேனா கை பட்டதும் இழுகும். ஊரிலிருந்து பெட்டியில் வந்த ரெனால்ட்ஸ் வேலை செய்யும், ஆனால் கோடு மெல்லிசு. இங்கே கடையில் கிடைக்கிற 1.0 மி.மீ. முனை நல்லது. (இதை எழுதிய பிறகும் கை அந்த வெள்ளை உடல், நீல மூடிப் பேனாவைத்தான் தேடுகிறது. பழக்கம்.) தையல்கள் இரண்டும் மிக நெருங்கி வரும் குறுகலான இடத்தில் ஒரே ஒரு கையெழுத்து, அதுதான் அழகு. கார்டு என்றால் பந்துக்குச் சொன்னது தலைகீழ்: மார்க்கர்தான் சரி. பளபள கார்டில் மை முத்து முத்தாக நின்றுவிடும் என்பதால், முன்கூட்டியே வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

தபாலிலும் கேட்கலாம். ஆட்டக்காரர் பெயர், கீழே அணியின் முகவரி. உள்ளே இரண்டு கார்டு, நாலு வரிக் கடிதம், உங்கள் முகவரியும் தபால்தலையும் உள்ள உறை. ஜூன் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் அனுப்பினால், கடிதம் போய்ச் சேரும்போது ஆள் விடுவிக்கப்பட்டு வேறு மாநிலத்தில் இருப்பார். மே மாதம் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்தில் முடிகிற ஏறக்குறைய நூறு ஆட்டங்களுக்குள் எத்தனையோ பேர் வருவார்கள், போவார்கள்.

இந்தப் பொழுதுபோக்கின் ருசியும் தலைவலியும் அங்கேதான் இருக்கிறது. ஆடிய சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பணக்கார அணிகளில் ஆளுக்கு ஒரு சட்டை, முதுகில் பெயர். இங்கே பல சட்டைகளில் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். மே மாதம் 24ஆம் எண் போட்டவர் ஜூனில் போய்விட்டால் அதே சட்டை அடுத்தவருக்கு. அடுத்த வருடமும் அதே சட்டை வந்தாலும் ஆச்சரியமில்லை. அண்ணன் போட்ட யூனிஃபார்மைத் தம்பி போட்டு, கடைசியில் சித்தப்பா மகனுக்குப் போய்ச் சேருமே, அதே வம்சாவளி. அண்ணன் பெயரைத் தையல் பிரித்த இடம் தம்பி சட்டைப் பையில் தெரிகிற மாதிரி இதிலும் தெரியும். முதுகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஊசித் துளை வரிசை, சுற்றியுள்ள துணியைவிட வெளுக்காத பட்டை. பெயர்ப்பட்டை இருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தோளில் பிசுபிசுப்பான கருப்புப் புள்ளி மட்டைப் பிடியில் தடவும் பைன் தாருடையது. இழுபட்ட நூலும், தைத்துச் சரிசெய்த கிழிசலும் நல்ல அடையாளம். எண் துணியில் வெட்டித் தைத்ததா, அச்சடித்ததா என்றும் பாருங்கள். சிறப்பு இரவுகளுக்கென்று செய்யும் வண்ணச் சட்டைகள் பெரும்பாலும் அச்சு. அவற்றை அன்றே தர்ம காரியத்துக்காக ஏலம் விடுவார்கள். போட்டவர் ஒருவர்தான் என்பதால் புதிதாகச் சேர்ப்பவருக்கு அதுவே பாதுகாப்பு.

முக்கியம்: துவைக்காதீர்கள். ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் அம்மா வந்திருக்கும்போது சேகரிப்புக்கு வரும் ஆபத்து இதைவிடப் பெரியது எதுவும் இல்லை. "இவ்ளோ அழுக்க மாட்டி வச்சிருக்கியே" என்று ஊறப்போட்டு, கசக்கிப் பிழிந்து, முழங்கை மண்ணையும் பைன் தாரையும் ஒரே மதியத்தில் போக்கிவிடுவார்கள். அதோடு நிற்காமல் பால்கனிக் கம்பியில் உலர்த்தி, அடுக்ககச் சங்கத்தின் எச்சரிக்கைக் கடிதத்தையும் வாங்கி வைப்பார்கள்.

உடைந்த மட்டைக்கும் இதே கண்தான். பிடியின் அடிக்குமிழில் மார்க்கரால் எழுதிய எண், தடித்த பகுதியில் பந்தின் முத்திரை மை ஒட்டிய தடம், தையல் பதிந்த வரி. விரிசலை ஒட்டவைக்காதீர்கள். ஊருக்கு எடுத்துப் போவதென்றால் செக்இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் மட்டையை அனுமதிக்க மாட்டார்கள்.

எந்தப் பொருளானாலும், கிடைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்களே. கிர்ரென்று அந்தச் சின்ன மெஷின் ஓடும். யார் கொடுத்தது, யார் கல்யாணம், என்ன தேதி. அறுபது வருடம் கழித்தும் ஒரு சொம்பைக் கவிழ்த்துப் பார்த்து, இது பெரியத்தை சீர் என்று சொல்ல முடிவது அதனால்தான். இண்டிபெண்டன்ட் அணிப் பொருளுக்கு அந்தப் பேர் வெட்டு நீங்கள்தான் போட வேண்டும். பெரிய ஆட்டக்காரர் கையெழுத்தை ஒப்பிட ஆயிரம் மாதிரி கிடைக்கும். ஆறு வாரம் ஆடிவிட்டுப் போன இரண்டாவது பேஸ்மேனின் கோழிக்கிறுக்கலை யார் படிப்பார்? அமிலம் இல்லாத தாளில், பென்சிலால் எழுதுங்கள்: பெயர், எண், தேதி, எதிரணி, எங்கே எப்படிக் கிடைத்தது. அன்றைய ஆட்டக்காரர் பட்டியலைக் கூடவே வையுங்கள். ஆட்டக்காரர் பொருளைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஸ்கோர் பக்கத்தையும் இணையத்திலிருந்து இறக்கிச் சேமியுங்கள், ஏனென்றால் அணி மூடினால் தளமும் போகும். ஷாம்பர்கில் பூமர்ஸுக்கு முன் ஃப்ளையர்ஸ் என்று ஒரு அணி இருந்தது, 2010 சீசனோடு முடிந்தது. ஜோலியட் ஜாக்ஹாமர்ஸுக்கும் அதே வருடம் மூடுவிழா.

இப்படி எழுதிவைத்தால் காசு கொட்டுமா? கொட்டாது. எப்போதாவது ஒரு விதிவிலக்கு. மேக்ஸ் ஷெர்சர் 2007இல் ஃபோர்ட் வொர்த் கேட்ஸ் என்ற அமெரிக்கன் அசோசியேஷன் அணிக்குக் கொஞ்சம் பந்து வீசிவிட்டுத்தான் மேஜர் லீக் பக்கம் போனார். 2022இல் நியூயார்க் மாநிலத்தின் டிரை-சிட்டி வேலிகேட்ஸுக்காக ஃப்ரான்டியர் லீக் என்ற இன்னொரு இண்டிபெண்டன்ட் லீக்கில் வீசியவர் குமார் ராக்கர், தாய்வழியில் ஆந்திரக் குடும்பம். அதே கோடையில் மேஜர் லீக் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மொத்தத்தில் மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சில வாரங்களில் கையெழுத்து வாங்கித் தேதியும் குறித்து வைத்தவர்கள் புத்திசாலிகள். மற்றதெல்லாம் அன்புக்குத்தான்.

வைக்கும் இடம்: வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், நீல மை வெளுத்துவிடும். கராஜ் வேண்டாம், இங்கத்திய குளிரும் வெக்கையும் மாறி மாறித் தோலை வெடிக்க வைக்கும். பேஸ்மென்ட் என்றால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், பெட்டி எதுவும் தரையில் வேண்டாம். மழையில் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஒருமுறை நின்றால் போதும்.

கடைசியாக பாபிள்ஹெட். வாசலில் முதலில் வரும் இத்தனை பேருக்கு என்று இலவசமாகத் தருவார்கள், கதவு திறக்குமுன் வரிசையில் நில்லுங்கள். ஸ்பிரிங் வைத்த தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. சீசன் செப்டம்பர் முதல் வாரத்தில் முடிய, கொஞ்ச நாளில் நவராத்திரி. மரப்பாச்சிக்கும் தசாவதார செட்டுக்கும் பக்கத்துப் படியில் கூகர்ஸ் ஆட்டக்காரர் நிற்கும் கொலுக்கள் இந்தப் புறநகர்களில் இருக்கின்றன. தலை கனம், அடி இலேசு, குழந்தைகள் தட்டினால் கவிழும். பாதத்துக்கடியில் ஒட்டுக் களிமண் கொஞ்சம் வையுங்கள். விளக்குப் புகையும் சாம்பிராணியும் பெயின்டை மஞ்சளாக்கும் என்பதால் அவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். கழுத்து ஒடிந்தால் எபாக்ஸி போட்டு ஒருநாள் அசையாமல் விடுங்கள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்போது இவரைப் பக்கவாட்டில், தலைக்குக் கீழே துண்டு மடித்துக் கிடத்தலாம், ஸ்பிரிங் இழுபடாது. தஞ்சாவூர் ராஜா ராணியை மட்டும் படுக்க வைக்கப் பார்க்காதீர்கள். எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.