தாலிகட்டுப் படத்தில் பாதி சாம்பல்

"டிஸ்க்கை ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று லப்டொப் கேட்டபோது, திருகோணமலை உப்புவெளியில் எடுத்த கல்யாணமொன்றுக்கு அல்பம் போட உட்கார்ந்திருந்தேன். மெமரி கார்டை அடுத்த வேலைக்காக அழித்தாயிற்று. படங்கள் மிச்சம் இருந்தது லப்டொப்பில் குத்தியிருந்த அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான். ஆறு வருசப் பழசு.

கழற்றிக் கழற்றிக் குத்தினேன், பத்துத் தடவையாவது. பிறகு டிஸ்க்கைப் பரிசோதிக்கும் விண்டோஸ் நிரலான செக்டிஸ்க்கை ஓடவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் 12 வீதத்தில் நிற்கிறது. அது படம் மீட்கும் கருவி இல்லை, கோப்பு அமைப்பைத் திருத்துகிறேன் என்று சாகக் கிடக்கிற டிஸ்க்கிலேயே எழுதும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டவுனில் ஒரு கடையில், "ஃபோர்மட் அடிச்சிட்டு சொஃப்ட்வெயார் ஓட்டினா எல்லாம் வரும்" என்றார்கள். ஏனோ மனம் ஒப்பவில்லை, டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் நண்பன் டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டான். "டக்கு டக்கெண்டு அடிச்சா வாசிக்கிற ஹெட் போச்சு மச்சான். அதை நாங்கள் தொடக்கூடாது, தூசியில்லாத கிளீன் றூம் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேணும். இது சீராச் சுத்துது. படம் பதியிற சின்னச் சின்ன இடங்கள், செக்டர்தான் பழுது." ஃப்ரீசருக்குள் வைத்தால் சரிவரும் என்று யாரோ சொன்னதைச் சொன்னேன். முறைத்தான். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்தவுடன் உள்ளே தண்ணீர் பூக்கும் என்றான்.

லினக்ஸ் போட்ட பென் டிரைவால் லப்டொப்பைத் திறந்து, புதிதாக வாங்கிய 2 டிபி டிஸ்க்குக்கு டிடிரெஸ்கியூவால் முழுப் பிரதி எடுக்கத் தொடங்கினான். அந்த நிரல் பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் அள்ளிவிட்டு, திரும்பி வந்துதான் பழுதைச் சுரண்டும். எதுவரை வாசித்தது என்று மேப் கோப்பில் எழுதியும் வைக்கும். இரண்டாம் இரவு கரண்ட் போய், என் லப்டொப்பின் கிழட்டு பட்டரியும் கைவிட்டது. எல்லாம் போச்சென்று நினைத்தேன். காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மேசை ஃபேனை டிஸ்க்குக்குத் திருப்பிவிட்டு நான் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள். வாசிக்க முடியாமல் போனது 38 எம்பிதான். ஆனால் அதில் ஒரு துண்டு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு அட்டவணையில் விழுந்திருந்தது. டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலில் பழைய போல்டர்கள் எல்லாம் பெயரோடு தெரிந்தன, இந்தக் கல்யாணத்தைத் தவிர. பிரதியின் மேல் போட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு நிரலை ஓட்டினோம். அது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளக் குறியைப் பார்த்துப் படத்தைப் பொறுக்கும். பெயர், போல்டர் ஒன்றும் வராது. எஃப் எழுத்தும் பின்னால் நீள நீள எண்களுமாகப் பல்லாயிரம் படங்கள். எடுத்த திகதியை வைத்துப் பிரிக்கலாம் என்றால், அன்றைக்கு என் கமெராவின் மணிக்கூடு பிழை! மணவறையின் சிவப்பு வாழைப்பூ அலங்காரத்தைக் கண்ணால் தேடித் தேடித்தான் பிரித்தேன்.

தாலிகட்டுப் படம் வந்தது. மேல்பாதியில் பெண்ணின் முகம், குனிந்த கண். கழுத்துக்குக் கீழே, மாப்பிள்ளையின் கை இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பட்டை.

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நேரே போனேன். பெண்ணின் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கனநேரம் பார்த்தா.

"முகம் நல்லா வந்திருக்குத்தானே தம்பி. வெட்டி மேல்பாதியை மட்டும் போடுங்கோ, காணும்."