சாம்பல் பல்

பெப்ரவரி 3, திங்கள்

நாலாம் வகுப்புப் பிள்ளையொன்று இன்று கேட்டேவிட்டது: "டீச்சர், ஒங்க முன்பல்லு ஒண்ணு மட்டும் ஏன் கறுப்பு?" கறுப்பில்லை, சாம்பல். சின்ன வயதில் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) படியில் விழுந்து அடிபட்ட பல். வலி நின்றதும் வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டார்கள்; பல் மட்டும் வருடா வருடம் மங்கிக்கொண்டே வந்தது. சித்தி தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். அந்தப் புளி பல்லின் மேலோடான எனாமலைத்தான் அரிக்கும். பேஸ்புக்கில் மேலே மாட்டிக்கொள்ளும் வெள்ளைப் பல் செட் ஒன்றும் விற்கிறார்கள். அதோடு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

பெப்ரவரி 8, சனி

அரச ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க, அடைக்கக் காசு வாங்குவதில்லை. அழகுக்காகச் செய்வதென்றால் பெரும்பாலும் தனியார் கிளினிக்தான். ஹட்டன் டவுனில் போர்டுகளுக்குக் குறைவில்லை, ஆனால் போர்டைப் பார்த்து என்ன தெரியும்? இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, ஒவ்வொருவருக்கும் கருவிகளை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) போட்டு எடுக்கிறாரா, தமிழ் பேசுவாரா என்று விசாரித்தேன். கடைசியானதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வாயைப் பிளந்துகொண்டு அரைகுறைச் சிங்களத்தில் வலியை விளக்கியவர்களுக்குத்தான் அது புரியும்.

ஓரிடத்தில் என் பல்லைப் பார்க்காமலே போனில் ஆறு வெனியருக்கு (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) விலை சொன்னார்கள். அங்கே போவதாக இல்லை. எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவர் தன் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் டொக்டரைச் சொன்னார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவராம்.

பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி லீவு. கிளினிக் பூட்டு.

பெப்ரவரி 15, சனி

டொக்டர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார். பல்லின் நரம்பு எப்போதோ செத்துவிட்டதாம். அடிபட்டபோது உள்ளே கசிந்த இரத்தம் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஊறியதால்தான் இந்த நிறம். ஆகவே ஜெல் பூசும் சாதாரண வைட்டனிங் இதற்குச் சரிவராது. அந்த ஜெல்லில் இருக்கும் பெரொக்சைட் நல்ல பல்லை வெளுக்கும், சிலருக்குக் கொஞ்ச நாள் பல் கூசும். தேயிலைக் கறை, வெற்றிலைக் கறைக்கு அதுகூடத் தேவையில்லையாம், பெரும்பாலும் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கிலேயே போய்விடும்.

எனக்கு முதலில் ரூட் கனால் (செத்த நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்து அடைப்பது), அப்புறம் பல்லுக்குள்ளேயே மருந்து வைத்து வெளுக்க வேண்டும். "நேரா வெனியர் ஒட்டினா என்ன டொக்டர்?" என்று கேட்டேன். அதற்கு எனாமலை ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் சீவ வேண்டுமாம், சீவிய எனாமல் திரும்ப வளராது. பல்லை முழுதாக மூடும் கிரவுன் என்றால் பல்லைச் சுற்றிலுமே அராவ வேண்டும். இரண்டில் எதைப் போட்டாலும் பிற்பாடு ஜெல் அதன் நிறத்தை மாற்றாது. மற்றப் பற்களை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். அதிகக் காசு வரும் வேலையை அவராகவே தள்ளிவைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

பெப்ரவரி 22, சனி

ரூட் கனால் தொடங்கியாயிற்று. ஊசி குத்தியபோது வலித்ததோடு சரி.

துணைக்கு வந்த அம்மாவின் வாயையும் டொக்டர் பார்த்தார். கொழுந்து பறித்த காலமெல்லாம் வெற்றிலை போட்ட வாய். "இன்னும் கொஞ்சம் திறங்கம்மா" என்றார். அதற்குமேல் திறக்கவில்லை. கறி உறைக்குது, வாய் எரியுது என்று அம்மா கொஞ்ச காலமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வயசு என்று நினைத்தோம். கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகியிருக்கிறது. பாக்கினால் வருவது, கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறலாம், பாக்கை இன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்லி, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார். பஸ்ஸில் வரும்போதே அம்மா, "வெறும் வெத்தலை மட்டும் போடலாமாடி?" என்று பேரம் பேசினார்.

மார்ச் 1, சனி

ரூட் கனால் முடிந்து, வெளுக்கும் மருந்தை வைத்து மூடியிருக்கிறார். நிறம் வரும்வரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சில வருடங்களில் மறுபடி கொஞ்சம் மங்கவும் கூடும் என்று இப்போதே சொல்லிவிட்டார். அடுத்த தவணைக்கு வேறு நாள் கேட்டிருக்கிறேன். அம்மாவைப் பேராதனைக்குக் கூட்டிப்போக வேண்டும், அதிபரிடம் லீவு சொல்லியாயிற்று.