டாங்க் கிளீனர் வாங்கினேன், துப்புரவு வேலை எனக்கு வந்தது

இன்று விடிய ஐந்தரைக்கு டோர்ச் அடித்து, மீன்தொட்டியில் கவிழ்த்திருக்கும் சிரட்டைக்குள் பார்த்தேன். ஆண் மீன் வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதன் வாலுக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில், மிளகளவில், ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைக் குவியல். இது இரண்டாவது தரம். முதல் தரம் என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன். இங்கே வந்து சேரப் பதினான்கு மாதம் சென்றது. அதில் பாதிக்கு மேல் வேறொரு மீனோடு போனது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி. தொட்டி 30 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். கணக்குப் பார்த்தால் 88 லீற்றர்; மணலும் மரக்கட்டையும் போக எழுபத்தைந்து தேறும். பல்கனி வெளிச்சம் பட்டுக் கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்தது. கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். "ஒரு டாங்க் கிளீனர் போடுங்க அண்ணே, பிறகு நீங்க கையே வைக்கத் தேவையில்ல." கண்ணாடியில் ஒட்டிப் பாசி சுரண்டும் மீனுக்குத்தான் கடையில் அந்தப் பெயர். இரண்டு அங்குலக் குட்டி. பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு காலி வீதி பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

முதல் மாதம் தம்பி சொன்னது சரிபோலத்தான் இருந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பச்சை தீர்ந்த பிறகுதான் வில்லங்கம். மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிறு தெரியுமல்லவா? அது உள்ளே குழிந்து போயிருந்தது. "கிளீனர்" என்ற பெயரை நம்பி நான் அதற்குத் தனியாக ஒன்றுமே போடவில்லை! அன்றிரவே ஒரு வெள்ளரித் துண்டை இரும்பு முள்ளுக்கரண்டியில் குத்தி அடியில் இறக்கினேன். காலையில் தோல் மட்டும் வளையம்போலக் கிடந்தது. அதன் பிறகு அவித்த போஞ்சி, பூசணி, கங்குன் கீரைத் தண்டு என்று மாறி மாறிக் கொடுத்தேன். மரக்கறியில் மருந்தடித்திருப்பார்கள் என்ற பயத்தில் தோலை நன்றாகக் கழுவி, மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிடுவேன். மறந்தால் அன்று பின்னேரமே தண்ணீர் கலங்கிவிடும்.

தின்றதெல்லாம் எங்கே போகும்? மணல் மேல் பழுப்பு நூல் நூலாகக் கழிவு. கழிவால் தண்ணீரில் சேரும் நைத்திரேற்றைச் சோதித்தால் 80, மிக அதிகம். ஒவ்வொரு ஞாயிறும் 25 லீற்றர் மாற்றிக்கொண்டிருந்த நான் புதன்கிழமையும் வாளி தூக்கத் தொடங்கினேன். அழுக்கைத் தின்னும் மீன் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. அது பாசியைச் சுரண்டும், அவ்வளவுதான். மற்ற மீன்களின் கழிவைத் தொடாது, தன் பங்குக்கு இன்னும் சேர்க்கும்.

எட்டாம் மாதம் ஏழு அங்குலம். திரும்பினால் வால்பட்டுச் செடி பிடுங்குப்படும். அப்போதுதான் என்ன இனம் என்று தேடினேன். தெரிகொப்லிக்திஸ் என்ற வகை. தென் அமெரிக்க ஆறுகளில் ஒரு அடியைத் தாண்டி வளருகிறது. அதன் முதுகுத் துடுப்பு பாய்மரம்போல அகலம். படம் எடுத்து, துடுப்பைத் தாங்கும் குச்சிபோன்ற கதிர்களை எண்ணினால் பத்துக்கு மேல் வரும். கடையில் குட்டியாகப் பார்க்கும்போதே இதை எண்ணியிருக்கலாம். கதிர் குறைவென்று உடனே சந்தோசப்படவும் வேண்டாம். ஹைப்போஸ்டமஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு ஏழுதான், ஆனால் அதுவும் பெரிதாகும்.

"பாவம் தம்பி, கால்வாயில விடுங்கோவன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இதே மீன் ஏற்கெனவே இலங்கைக் குளங்களிலும் ஆறுகளிலும் பெருகிக் கிடக்கிறது. ஆண் மீன் கரையில் வளை தோண்டி முட்டை காக்கும், கரை இடிந்து விழும். மீன்பிடிக்காரரின் வலையில் முள் சிக்கினால் வலைதான் கிழியும். வாங்குவதற்கு ஆளில்லாத மீன். அதனால் கால்வாய்ப் பேச்சுக்கே இடமில்லை. வத்தளையில் மாமாவின் சீமெந்துத் தொட்டி, மேலே கம்பிவலை போட்டது, அங்கே அனுப்ப முடிவெடுத்தேன்.

வலை சிக்கும் கதை எனக்கும் நடந்தது. கைவலையால் கோலியதும் மீன் பக்கத் துடுப்பு முட்களை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. கடைசியில் மகள் வலையைப் பிடிக்க, நான் நகவெட்டிக் கத்தரியால் நூல் நூலாக வெட்டினேன். ஐந்து நிமிடமாவது காற்றில் கிடந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வயிற்றாலேயே காற்றைச் சுவாசிக்கத் தெரியும். ஒருமுறை எங்கள் கட்டடத்தில் இரவு முழுக்கக் கரண்ட் இல்லாதபோது தொட்டியிலிருந்த டெட்ரா என்ற சின்ன மீன்கள் மேலே வந்து வாய் பிளக்க, இது மட்டும் அம்புபோல் மேலே போய் ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கீழே வந்து படுத்துக்கொண்டது. (2022 மார்ச்சில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டில் மீன்களைப் பறிகொடுத்தவன் நான்.) இனி வலை கிடையாது. பிளாஸ்டிக் டப்பாவைக் குழாய்போலக் கிடத்தி, மீனை உள்ளே விரட்டுவதுதான் வழி.

அதன் இடத்துக்கு வந்தவை இரண்டு அன்சிஸ்ட்ரஸ். ஐந்து அங்குலத்தோடு வளர்ச்சி நிற்கும் சிறிய இனம். ஆணின் மூக்கில் தாடிபோலக் கிளைத்த மீசை முளைக்கும், பெண்ணுக்கு உதட்டோரம் கொஞ்சம் மட்டும். ஒரு மரக்கட்டை போட்டேன். ஊறவைத்தும் மூன்று கிழமை தண்ணீர் தேயிலைச் சாயமாக இருந்தது. குகைக்கு ஒரு சிரட்டை: தும்பு சுரண்டி, இரண்டு தரம் அவித்து, விளிம்பில் மீன் நுழையும் அளவு வெட்டிக் கவிழ்த்தேன். கொழும்புச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை, 28 பாகை எப்போதும் நிற்கும்.

வைகாசியில் மழை பிடித்த கிழமை, பல்கனியில் இரவு வைத்திருந்த வாளித் தண்ணீரை ஊற்றினேன். தொட்டியைவிட மூன்று பாகை குளிர். நான்காம் நாள் முதல் தரம் முட்டை. அந்தக் குளிரால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் இந்த முறையும் அதையே செய்தேன், இன்றைக்கு முட்டை இருக்கிறது.

ஆண் மீன் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் பொரித்தன. வயிற்றில் மஞ்சட்கருப் பையைச் சுமந்துகொண்டு சிரட்டைச் சுவரில் ஒட்டிக் கிடந்தவை முப்பதுக்கு மேல். வெளியே வந்த இரண்டாம் இரவு எண்ணினேன், எட்டு. மற்றவை எங்கே? பில்டரைக் கழற்றினால் பஞ்சுக்குள் நசிந்து கிடக்கின்றன. ஒரே ஒரு குஞ்சு மட்டும் பில்டர் பெட்டிக்குள் பாசி சுரண்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தது. அன்றைக்கு மகள் என்னோடு கதைக்கவேயில்லை.

எட்டில் ஐந்து தப்பி இப்போது ஓர் அங்குலம். கடைத் தம்பி எடுக்கச் சம்மதித்திருக்கிறான், டாங்க் கிளீனர் என்று சொல்லி விற்கக்கூடாது என்ற பேச்சோடு.

இந்த முறை பில்டர் வாயில் பழைய நுளம்பு வலையை இரண்டு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். நாலு நாளைக்கு ஒருக்கால் கழுவாவிட்டால் அடைத்துவிடும். குழாய்த் தண்ணீரில் மழைக்குப் பிறகு குளோரின் மணம் தூக்கலாக வருகிறது, அதனால் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் போடாமல் ஒரு கோப்பைகூட ஊற்றுவதில்லை. கட்டடத்து மோட்டரைப் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் இன்று இரண்டு வாளி நிரப்பி வைக்கவேண்டும்.