6/6 என்று எழுதிய சீட்டோடு வருபவர்கள்

கண்களுக்குப் பயிற்சி தரும் எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் ‘பார்வை 6/6, கண்ணாடி தேவையில்லை’ என்று எழுதிய சீட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கும். கண்ணில் குறையில்லை என்றான பிறகு, படிக்க உட்கார்ந்ததும் வரும் தலைவலி சாக்காகவும், வரியை விட்டுவிட்டுப் படிப்பது கவனக்குறைவாகவும் வீட்டிலும் பள்ளியிலும் தீர்மானிக்கப்பட்டிருக்கும். அந்தச் சீட்டில் பொய் இல்லை. 6 மீட்டர் தொலைவில் அசையாமல் நிற்கும் எழுத்தை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே எவ்வளவு கூர்மையாகப் பார்க்க முடிகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. 30, 40 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள புத்தகத்தின் மீது இரு கண்களையும் சேர்த்துக் குவித்து அரைமணி நேரம் நிறுத்த முடிகிறதா என்பது அதன் கேள்வியே அல்ல.

அந்தக் கேள்விக்கான முதல் சோதனை மிக எளியது. ஒரு சிறு புள்ளியைப் பிள்ளையின் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, அது எந்த இடத்தில் இரண்டாகத் தெரிகிறது என்று பார்க்கிறோம். ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகவே தெரிந்தால் கவலையில்லை. சிலருக்குப் புத்தகம் பிடிக்கும் தூரத்தைச் சற்றுத் தாண்டியதுமே ஒரு கண் வெளிப்பக்கமாக நழுவிவிடும். இவ்வாறு கிட்டத்தில் கண்கள் போதிய அளவு உள்நோக்கித் திரும்பாத நிலையே கன்வர்ஜென்ஸ் குறைபாடு. பிள்ளைகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை, ஏனெனில் எழுத்துகள் நகர்வதும் இரட்டிப்பதும் எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 7 முதல் 17 வயது வரையுள்ள 920 பிள்ளைகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இக்குறைபாடு நகர்ப்புறத்தில் 16.5 விழுக்காட்டினருக்கும் கிராமப்புறத்தில் 17.6 விழுக்காட்டினருக்கும் இருந்தது.

பயிற்சி அறையில் நான் பெரிதும் நம்பும் கருவி, மூன்று வண்ண மணிகள் கோத்த ஒரு கயிறு. பிராக் கயிறு என்பது அதன் பெயர். ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை மூக்கருகே பிடித்து, நடு மணியைப் பார்க்கச் சொன்னால், இரு கண்களும் ஒழுங்காக வேலை செய்யும்போது கயிறு இரண்டாகத் தெரிந்து அந்த மணியில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடம் மணிக்கு அப்பால் விழுந்தால் கண்கள் போதுமான அளவு குவியவில்லை. ஒரு கயிறு மறைந்தே போனால் ஒரு கண்ணின் காட்சியை மூளை அமுக்குகிறது. ‘சரியாகப் பார்’ என்று நான் அதட்ட வேண்டியதில்லை, தவறு நேர்வதைப் பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ள முடிகிறது என்பதே அதன் சிறப்பு. பிறகு ஒளியை வளைக்கும் ப்ரிஸம், இருபுறமும் புரட்டிப் பிடிக்கும் ஃபிளிப்பர் லென்ஸ் ஆகியவற்றைக் கொண்டு குவிக்கும் திறனையும் கிட்டத்திற்கும் தூரத்திற்கும் மாறி மாறித் தெளிவுபடுத்தும் வேகத்தையும் படிப்படியாகக் கூட்டுகிறோம்.

அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் 12 வாரங்கள் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், சிகிச்சை அறையில் வாரந்தோறும் பயிற்சி பெற்று வீட்டிலும் தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினர் தேறினார்கள் அல்லது முன்னேறினார்கள். வீட்டில் பென்சில் முனையைப் பார்த்தபடியே அதை மூக்கருகே கொண்டுவரும் ‘பென்சில் பயிற்சி’ மட்டும் செய்தவர்களில் அது 43 விழுக்காடு, பயிற்சி போலத் தோன்றும் பொய்ப்பயிற்சி பெற்றவர்களில் 35 விழுக்காடு. ஒரு சீட்டில் ‘பென்சில் பயிற்சி, தினமும்’ என்று எழுதி அனுப்பிவிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இந்த எண்களே காரணம். அந்த 35 என்ற எண்ணையும் நான் மறப்பதில்லை. அக்கறையோடு ஒருவர் வாரந்தோறும் உட்கார்ந்து கவனித்தாலே கொஞ்சம் முன்னேற்றம் தெரியும் என்பதால், கண்ட முன்னேற்றம் முழுவதையும் என் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

தலைவலி நின்றதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “மார்க் ஏறுமா, மேடம்?” கன்வர்ஜென்ஸ் குறைபாடுள்ள 311 பிள்ளைகளை 16 வாரப் பயிற்சிக்கு உட்படுத்தி 2019இல் வெளியான அடுத்த பெரிய ஆய்வில், படித்துப் புரிந்துகொள்ளும் திறன் பொய்ப்பயிற்சி பெற்றவர்களைவிட அதிகமாக உயரவில்லை. டிஸ்லெக்சியா எழுத்தையும் ஒலியையும் மூளை இணைப்பதில் உள்ள சிக்கல்; கண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அதைத் தீர்க்க முடியாது. ஆகவே, படிக்கும்போது வரும் வேதனையைக் குறைக்கலாம், படிப்பைக் கற்றுத்தர எங்களால் ஆகாது என்று தொடக்கத்திலேயே சொல்லி, தேவைப்படும் பிள்ளையைச் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் அனுப்புகிறேன். இதைக் கேட்டதும் முகம் வாடி எழுந்து போனவர்கள் உண்டு. கற்றல் குறைபாடு, கவனச்சிதறல் அனைத்துக்கும் ஒரே தொகுப்பாகக் கட்டணம் பேசும் விளம்பரங்கள் அவர்களுக்காகத்தான் காத்திருக்கின்றன.

பெரியவர்களின் விஷயம் வேறு. பக்கவாதத்தால் இரு கண்களிலும் வலப்பாதிப் பார்வையை இழந்தவருக்கு, இழந்த பகுதியைப் பயிற்சியால் மீட்டுத் தருவதாக நான் சொல்வதில்லை. கண்ணையும் தலையையும் திட்டமிட்டுத் திருப்பித் துழாவும் பழக்கத்தையே கற்றுத்தருகிறோம். தமிழ் படிப்பவருக்கு இதில் தனிச்சிரமம் உண்டு. வந்தவர் ஆணா பெண்ணா, வந்தாரா வரவில்லையா என்பதெல்லாம் நம் சொற்களின் கடைசியில்தான் இருக்கிறது. வலப்பக்கம் தெரியாதவரோ சொல்லின் தலையைப் பார்த்து வாலை ஊகிக்கிறார், அடுத்த வாக்கியத்தில் பொருள் பொருந்தாமல் திரும்பி வருகிறார். வரிக்கு அடியில் அட்டை ஒன்றை வைத்து, ஒவ்வொரு சொல்லின் இறுதிக்கும் கண்ணைக் கொண்டுபோன பிறகே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். செய்தித்தாளின் தலைப்புகளில் தொடங்கினால் சலிப்பு குறைகிறது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை எங்களுக்குள்ள பெரிய தடை தூரம். மேற்சொன்ன தமிழ்நாட்டு ஆய்வில் கிராமமும் நகரமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க, பயிற்சி தரும் இடங்களோ பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கின்றன. தேர்வு நெருங்கினால் வாரந்தோறும் பேருந்தேறி வருவது முதலில் நின்றுபோகிறது. அதே ஆய்வுக் குழு, சிறு டார்ச் விளக்கும் ஒரு கண்ணின் முன் வைக்கும் சிவப்புக் கண்ணாடித் துண்டும் கொண்டு, விளக்கு இரண்டாகத் தெரியத் தொடங்கும் தூரத்தை அளந்து, 7.5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகிக்கலாம் என்று வகுத்திருக்கிறது. பள்ளிக் கண் முகாம்களில் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் இந்தச் சோதனையையும் சேர்த்தால் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும், செலவு ஒரு டார்ச் விளக்கும் ஒரு கண்ணாடித் துண்டும். நான் போகும் முகாம்களில் இப்போது அவற்றைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.