கால்வாய் ஓரத்து நோட்: ஒன்று பத்தாகும்போது

மழை வலுத்தால் வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை பக்கம் முதலில் எழும் கேள்வி, "கால்வாய்ல தண்ணி எவ்ளோ ஏறியிருக்கு?" என்பதுதான். பாலத்துக்கு அடியில் மட்டம் பார்க்கும் ஒரு சென்சார், அதற்கு ஒரு லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்திகளைத் தொலைவுக்கு அனுப்புவது), ஒரு பேட்டரி. எல்லாம் சேர்ந்த பெட்டிதான் 'நோட்'. மேசை மேல் இதை ஓடவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதையே பக்கிங்காம் கால்வாய் ஓரம் இரண்டு வருஷம் யாரும் தொடாமல் ஓடவைப்பதும், பிறகு பத்து இடத்தில் வைப்பதும்தான் நிஜமான வேலை.

போர்டுக்கு 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ புரோ மினி. ரேடியோவுக்கு ஆர்எஃப்எம்95. செல்லுக்கு 32650 அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3.2 வோல்ட், 6000 எம்ஏஎச். இந்த செல்லைச் சொல்லக் காரணம் உண்டு: முழுசாக சார்ஜ் ஏறினாலும் 3.65 வோல்ட்தான், ரேடியோ சிப்பின் மேல் வரம்பு 3.7. அதனால் வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் ரெகுலேட்டரே வேண்டாம், நேராகக் கொடுக்கலாம். கடையில் எல்லோரும் கையில் திணிக்கிற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லிஆம்ப் தின்னும். ஒரு நாளைக்கு 120 எம்ஏஎச். 6000 எம்ஏஎச் செல் ஐம்பது நாளில் காலி, அதுவும் ஒரு செய்திகூட அனுப்பாமல்.

புரோ மினியில் பவர் எல்இடியையும் ரெகுலேட்டரையும் சால்டரிங் அயர்னால் சூடாக்கி எடுத்துவிடுங்கள். இரண்டு செய்திகளுக்கு நடுவே போர்டு தூங்கும். தூங்கும் முன் ஏடிசியை (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அணைக்க வேண்டும். ரேடியோவுக்கும் ஸ்லீப் கட்டளை தனியாகப் போக வேண்டும். மறந்தால் அது ஸ்டாண்ட்பையில் 1.6 மில்லிஆம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும், ஐந்து மாதத்தில் செல் தீரும். பேட்டரி அளக்க 10கே + 10கே ரெசிஸ்டர் போடுவது இன்னொரு ஓட்டை. 160 மைக்ரோஆம்ப் கசிந்து, வருஷத்துக்கு 1400 எம்ஏஎச் போய்விடும். ரெகுலேட்டர் இல்லாத போர்டில் அந்த ரெசிஸ்டர்களே தேவையில்லை. சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை ஏடிசியால் அளந்தால் சப்ளை வோல்டேஜ் தானாகக் கிடைத்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தால் தூக்கத்தில் மொத்தம் 8 மைக்ரோஆம்ப் வாக்கில் நிற்கும்.

இதை அளப்பதில் ஒரு சிக்கல். சாதாரண மல்டிமீட்டரின் 2000 மைக்ரோஆம்ப் ரேஞ்சில் உள்ளே 100 ஓம் இருக்கும். ரேடியோ 90 மில்லிஆம்ப் கேட்கும் நொடியில் மீட்டரே வழியை அடைத்துவிடும். போர்டு ரீசெட் ஆகி, தூங்கி, மறுபடி ரீசெட் ஆகி, நீங்கள் கோடில் இல்லாத தப்பைத் தேடுவீர்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ஜம்பர் வயரால் குறுக்கே இணைத்துவைத்து ஆன் செய்யுங்கள். முதல் செய்தி போய் நோட் தூங்கியதும் ஜம்பரை எடுங்கள், படித்துக்கொள்ளுங்கள், எழும் முன் திரும்பப் போடுங்கள்.

ரேடியோதான் பேட்டரியைத் தின்கிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 96 செய்தி. ஹெட்டரோடு சேர்த்து 25 பைட் செய்தி எஸ்எஃப்7-இல் (எஸ்எஃப் என்பது லோராவின் வேக நிலை; எண் கூடினால் வேகம் குறையும், தூரம் கூடும்) 62 மில்லிசெகண்ட் காற்றில் இருக்கும். நாள் செலவு சுமார் 0.15 எம்ஏஎச். தூக்கம் 0.19. 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் பூஸ்ட் வழியாக அல்ட்ராசானிக் சென்சாரை (ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்வது) ஒவ்வொரு முறையும் அரை நொடி ஓட்டினால் 0.67! ஆக, அதிகம் தின்பது சென்சார். அதனால் சென்சாரை அணைக்கும் சுவிட்சாக ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டை பூஸ்ட் கன்வெர்டருக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் பூஸ்ட் சும்மா விழித்திருக்கும். அணைக்கும் முன் ட்ரிகர் பின்னை (சென்சாரை அளக்கச் சொல்லும் பின்) லோவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இல்லையென்றால் அந்தப் பின் வழியாகவே சென்சாருக்குள் கரண்ட் திருட்டுத்தனமாகப் போகும். பதில் தரும் எக்கோ பின் 5 வோல்ட் தருவதால் அதற்கு மட்டும் இரண்டு ரெசிஸ்டர் வேண்டும்.

சோலார் பேனல் வேண்டாம் என்பது என் கட்சி. மணலி, எண்ணூர் சாலைப் புழுதி ஒரு மாதத்தில் பேனலை மூடிவிடும். மூடாவிட்டால் யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள்.

சென்சார் என்றால் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி மாதிரி தண்ணீர் புகாத வகை. ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும்: 331.3 + 0.606 × வெப்பநிலை, மீட்டர்/நொடி. 20 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவே மூன்றரை சதவீத வித்தியாசம், மூன்று மீட்டர் தூரத்தில் பத்து சென்டிமீட்டர். அதனால் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்று கட்டாயம். பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் சூட்டைத்தான் சொல்லும், வெளியே பால நிழலில் தொங்க வேண்டும். 12 பிட் நுணுக்கத்தில் அளக்க அது 750 மில்லிசெகண்ட் எடுக்கும். 10 பிட் போதும், 188-இல் முடியும்.

சென்சார் முகத்திலிருந்து முதல் 25 சென்டிமீட்டர் குருட்டு இடம். வெள்ளம் அதற்குள் ஏறினால் கண்ட எண்ணைச் சொல்லும், அதுவும் எந்த நேரத்தில் எண் தேவையோ அந்த நேரத்தில். பாலத்தின் அடிப்பாகத்தில் பொருத்தாமல், கைப்பிடிச் சுவரிலிருந்து வெளியே நீட்டிய ஆங்கிளில் உயரமாக வையுங்கள்.

அடுத்தது ஆகாயத்தாமரை. அலை, மழைத்துளி எல்லாவற்றுக்கும் ஏழு ரீடிங் எடுத்து நடு எண்ணை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஆனால் சென்சாருக்கு நேர் கீழே ஆகாயத்தாமரை வந்து தங்கினால் ஏழு ரீடிங்கும் ஒழுங்காக, ஒன்றுபோல, தப்பாக இருக்கும். தண்ணீர் முப்பது சென்டிமீட்டர் ஏறியதாகக் காட்டும். மேகமே இல்லாத நாளில் அலாரம் வரும். இதற்கு வழி, சென்சாருக்குக் கீழே தண்ணீருக்குள் இறங்கும் ஒரு பிவிசி குழாய்: 110 எம்எம், நடுவில் கப்ளிங் இல்லாத ஒரே துண்டு, ஏனென்றால் ஒவ்வொரு மூட்டும் ஒரு பொய் எக்கோ தரும். ஓட்டைகள் அடிப்பக்கம் மட்டும், 10 எம்எம் ட்ரில்லில் போட்டு உள்பக்கப் பிசிறை அரம் வைத்துத் தேய்த்துவிட வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கிட்டே வைப்பதென்றால் கடல் ஏற்றவற்றமும் மட்டத்தில் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சில வாரம் பதிவுசெய்த பிறகே எச்சரிக்கை அளவை முடிவு செய்யுங்கள்.

பெட்டிக்கு இரண்டு எதிரிகள். மேலே கடல் உப்பு. கீழே சாக்கடையின் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது தாமிரத்தைக் கருப்பாக்கித் தின்னும். போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) இரண்டு முறை கொடுங்கள், ஆன்டெனா சாக்கெட்டை மட்டும் மாஸ்க் செய்துவிட்டு. ஒயர் நுழையும் கிளாண்டுகள் எல்லாம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஸ்க்ரூ, கிளாம்ப் எல்லாம் 316 ஸ்டீல். கடையில் எஸ்எஸ் என்று சொல்லி 304-ஐத் தருவார்கள், கடல் காற்றில் அது புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். காற்றுப் புகாமல் மூடிவிட்டால் நல்லது என்று தோன்றும். வெயிலில் சூடான பெட்டி மழையில் சட்டென்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, ரப்பர் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் ஒரு வென்ட் பிளக் போடுங்கள்.

இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமம் வேண்டாம். 433-க்கான ஆன்டெனாவும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ரிச்சி தெருவில் வாங்கும்போது எழுத்தை நம்பாமல் அளந்து பாருங்கள், கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) கம்பி 82 முதல் 86 எம்எம் வரை இருக்க வேண்டும். தூரத்தைவிட வடசென்னையில் தொல்லை கன்டெய்னர் யார்டுகள். ஒரு கிலோமீட்டர் இணைப்பில் நடுவே சிக்னல் பாதையைச் சுற்றி 9 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும், அதில் பாதிக்கு மேலாவது காலியாக இருக்க வேண்டும். ஐந்து கன்டெய்னர் அடுக்கினால் 13 மீட்டர் இரும்புச் சுவர். அது இன்று இருக்கும், நாளை இருக்காது.

இங்கேதான் ஏடிஆர், அதாவது செய்திகளை வாங்கும் சர்வர் சிக்னலைப் பார்த்து நோட்டின் வேகத்தை மாற்றும் முறை, கவிழ்க்கும். அடுக்கு இல்லாத நாளில் சர்வர் நோட்டை எஸ்எஃப்7-க்குக் கொண்டுபோகும். அடுக்கு வந்ததும் செய்தி போகாது. பதில் வராமல் 64 செய்தி, பிறகு இன்னும் 32 என்று காத்திருந்த பிறகே நோட் தானாக மெதுவான வேகத்துக்கு இறங்கத் தொடங்கும். 96 செய்தி, 15 நிமிட இடைவெளி: சரியாக ஒரு நாள் மௌனம். அதனால் ஏடிஆரை அணைத்து எஸ்எஃப்9-இல் நிறுத்துவேன். 206 மில்லிசெகண்ட், நாளைக்கு அரை எம்ஏஎச், தாராளம். எஸ்எஃப்12 வேண்டாம், ஒரு செய்தி ஒன்றரை நொடி, செலவு எஸ்எஃப்7-ஐப் போல 24 மடங்கு.

பத்து நோட் ஆனதும் மோதல் வருமா என்று கேட்பார்கள். சாதாரண நாளில் வராது. மட்டம் ஏறினால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பு என்று கோடு எழுதியிருப்போம். ஒரே மழையில் எல்லா நோட்டும் ஒன்றாக அந்த நிலைக்குத் தாவும். ஒவ்வொரு முறையும் 0 முதல் 60 நொடி வரை தற்செயலாகத் தள்ளிப்போடுங்கள். கன்ஃபர்ம்டு செய்தி ("வந்தது" என்று பதில் கேட்கும் வகை) வேண்டாம். கேட்வே (எல்லா நோட்டின் செய்தியையும் மாடியிலிருந்து கேட்டு இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) பதில் அனுப்பும் நேரத்தில் அதன் எட்டு சேனலும் செவிடு.

ஏபிபி முறையில் (சாவிகளை நோட்டிலேயே முன்கூட்டி எழுதிவைப்பது) சேர்த்த நோட்டுக்கு செல் மாற்றினால் செய்திகளை எண்ணும் கவுன்டர் பூஜ்யத்துக்குப் போகும், சர்வர் பழைய செய்தி என்று தூக்கிப்போடும். கவுன்டரை ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதுங்கள். ஆனால் அதன் ஆயுள் ஒரு லட்சம் எழுத்து. ஒவ்வொரு செய்திக்கும் எழுதினால் மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும். பத்துக்கு ஒருமுறை எழுதி, பூட் ஆகும்போது பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாலத்தில் எதைத் தொங்கவிடும் முன்பும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒயரோடு ஒரு சாம்பல் பெட்டி பாலத்தடியில் இருந்தால் போலீஸ்தான் முதலில் வரும்.

கடைசியாக கேட்வே. தண்ணீர் நின்றால் தெருவில் கரண்ட்டை நிறுத்துவார்கள். பத்து நோட்டும் பேட்டரியில் கத்திக்கொண்டிருக்கும், மாடியில் கேட்க ஆள் இருக்காது. 5 வாட் கேட்வேக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியின் பாதியைப் பயன்படுத்தினால் எட்டு மணி நேரம்தான் வரும். பெரிய மழைக்கு அதைப்போல மூன்று மடங்காவது வையுங்கள். இணையத்துக்கு ஃபைபரோடு ஒரு 4ஜி டாங்கிளும் வேண்டும்; தெருவில் உள்ள ஃபைபர் பெட்டி அதே கரண்ட்டில் ஓடினால் அதுவும் நின்றுவிடும்.