12 வோல்ட் எங்கே போனது?

கோலாலம்பூர், செந்தூல் வீட்டில் தங்கச்சி கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் கணினி, எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் வேலை) போட்ட பத்தாவது நிமிடம் பொட்டென்று அணைந்துவிடும். இரண்டு மாதமாக இதே கதை. ஒரு கடையில் பவர் சப்ளை போய்விட்டது, 180 வெள்ளி ஆகும் என்றார்கள். எதையும் அளந்து பார்க்காமலே சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கணினியின் உபுண்டுவில் (லினக்ஸ்) வோல்ட்டையும் வெப்பத்தையும் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, சென்சார்களைத் தேடும் அதன் சென்சார்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டினேன். மதர்போர்டில் இவற்றை அளப்பது ஐடிஇ நிறுவனத்தின் சிப். வந்த பட்டியலில், பவர் சப்ளை தர வேண்டிய 12 வோல்ட் என்று ஒரு வரிகூட இல்லை. 'இன்4' என்ற உள்ளீட்டுக்கு நேரே 3.02 வோல்ட், ஒரு வெப்பநிலை −128 டிகிரி! கடைக்காரர் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

அப்புறம் நிதானமாகப் படித்ததில் விளங்கியது. அந்த சிப்பால் சுமார் 4 வோல்ட் வரைதான் நேரடியாக அளக்க முடியும், அதனால் போர்டில் இரண்டு ரெசிஸ்டர் வைத்து 12 வோல்ட்டை நான்கில் ஒரு பங்காக்கி அதற்குக் கொடுக்கிறார்கள், திரும்ப நான்கால் பெருக்க வேண்டியது நம் வேலை. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் திரையில் பார்த்தேன், 12.096 என்றது. 3.02-ஐ நான்கால் பெருக்கினாலும் ஏறக்குறைய அதேதான், கணக்கு சரி. −128 என்பது எதுவும் இணைக்காத சென்சார் கால், 8 பிட் எண்ணால் காட்டக்கூடிய மிகக் குறைந்த மதிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் பயாஸில் கணினி சும்மா இருக்கிறது, சிக்கலோ வேலை செய்யும்போது வருவது. அதனால் எக்ஸ்போர்ட் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் கருப்பு முனையை பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் இணைப்பியின் கருப்பு வயரிலும் (எர்த்) சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் (12 வோல்ட்) வைத்துப் பிடித்தேன். 11.94. 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பதுதான் விதி, ஆக பவர் சப்ளைமேல் எந்தக் குற்றமும் இல்லை.

அதே நேரம் திரையைப் பார்த்தால் சிபியுவின் வெப்பத்தைக் காட்டும் கோர்டெம்ப் வரி 97, 98 டிகிரி என்று ஏறிக்கொண்டே போகிறது, எல்லை 100. இது போர்டு சிப் சொல்வதல்ல, சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சென்சார், இதை நம்பலாம். அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து சிபியுவின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை விரலால் தொட்டேன், ஒரு மூலை ஆடியது. அதைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டில் பதியாமல் மேலே நின்றது! சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது.

கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் போய் பேஸ்ட் வாங்கி வந்து, துடைத்துப் பூசி, நான்கு ஊசியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். எக்ஸ்போர்ட்டில் இப்போது 71 டிகிரி. எல்எம்-சென்சார்ஸின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் இன்4-ஐ நான்கால் பெருக்கி '12 வோல்ட்' என்று பெயரும் வைத்துவிட்டேன். நேற்று இரண்டு மணி நேர வீடியோ ஒன்று முழுசாக முடிந்தது.