உறைபனிக் காலையில் படத்தில் விழுந்த வட்டம்

ஜனவரி மாத ஊட்டி. இரவு பத்து மணிக்குப் போன கரண்ட் விடியற்காலை நாலரைக்குத்தான் வந்தது. ஜெனரேட்டரும் அன்று பார்த்துக் கிளம்பவில்லை. ஆறு மணிக்கு டியூட்டிக்குப் போனவன், கேஸ் வருவதற்குள் மெஷின் தயாராக இருக்கட்டும் என்று சிடி ஸ்கேனரை ஆன் செய்து, எக்ஸ்ரே ட்யூபுக்கு வார்ம்-அப் போட்டு, கையோடு ஏர் கேலிப்ரேஷனையும் (உள்ளே எதுவும் வைக்காமல் காற்றை மட்டும் ஸ்கேன் செய்து அளவுகோல் பதிவது) முடித்தேன். நடுவில், கதிரை அளக்கும் டிடெக்டரின் வெப்பநிலை குறைவு என்று ஓர் எச்சரிக்கை வந்தது. ஓகே அழுத்தினேன்.

எட்டு மணிக்குத் தலைகுந்தா பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். பனிப்புல்லில் வழுக்கிப் பின்மண்டையில் அடி. ஸ்கேன் எடுத்து அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கோவையிலிருந்து படம் பார்த்து ரிப்போர்ட் தரும் ரேடியாலஜிஸ்ட் போன் செய்தார்: "ரத்தக்கசிவு இல்லை. ஆனா பான்ஸ்ல வட்டமா ஒண்ணு தெரியுதே?"

மூளையைப் பார்க்கும் திரை அமைப்பான விண்டோ 80, லெவல் 40-ல், மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் மெல்லிய கோடாக ஒரு வட்டம். ஸ்லைஸ்களை மேலும் கீழும் உருட்டினேன். மூளை மாறிக்கொண்டே போனது, வட்டம் மட்டும் நகரவில்லை. மெஷின் சுற்றும் மையமான ஐசோசென்டரைச் சுற்றியே நின்றது. பாட்டியைத் திரும்ப ஏற்றாமல் முதலில் தண்ணீர் நிரப்பிய சோதனை உருளையான வாட்டர் பேன்டத்தை வைத்து எடுத்தேன். சிடி அளவில் பூஜ்யம் காட்ட வேண்டிய தண்ணீரிலும் அதே இடத்தில் அதே வட்டம்.

மூன்றாம் தலைமுறை சிடி-யில் ட்யூபும் டிடெக்டரும் சேர்ந்தே சுற்றுகின்றன. டிடெக்டரில் உள்ள ஒரு செல் எந்தக் கோணத்துக்குப் போனாலும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் போகும் கதிரைத்தான் அளக்கும். அது சற்றே கூட்டியோ குறைத்தோ சொன்னால், சுற்றும் சக்கரத்தில் குயவன் நகம் பட்ட மாதிரி படம் முழுக்க ஒரு வளையம் விழும். டிடெக்டரை உள்ளே ஹீட்டர் வைத்து ஒரே சூட்டில் வைத்திருப்பது இதற்காகத்தான். சூடு மாறினால் அதே கதிருக்கு அது தரும் சிக்னலும் மாறும். நான் குளிர்ந்து கிடந்த டிடெக்டரை அளவுகோலாகப் பதிவு செய்துவிட்டேன். எட்டு மணிக்குச் சூடேறியபின் அது வேறு டிடெக்டர் மாதிரி.

சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "சூடு நிலைக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க சார்" என்றார். பத்தரை வரை காத்திருந்து கேலிப்ரேஷனை மறுபடி செய்தேன். பேன்டம் சுத்தமாக வந்தது. ஆனால் பழைய படத்தை அது திருத்தாது. ரேடியாலஜிஸ்டிடம் கேட்டுக்கொண்டு பான்ஸ் இருக்கும் பின்மண்டைக் குழியான போஸ்டீரியர் ஃபோஸாவை மட்டும் மறுபடி எடுத்தோம். வட்டமும் இல்லை, லீஷன் என்கிற நோய்த்தடமும் இல்லை. அந்த அம்மாவுக்குத் தேவையில்லாமல் போன கதிர்வீச்சு டோஸ் என் கணக்கில்தான்.

டேபிளில் ஏற்றும்போது பாட்டி கேட்டார்: "மறுபடியுமா? முன்னே எடுத்தது என்னாச்சுப்பா?"

"காலையில மெஷினுக்குக் குளிர் விடல பாட்டி."

கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். "எனக்கு மட்டும் விட்டுச்சாக்கும்!"